ஏடும் உரிமையும்: மலையக மக்களின் ஆவணச் செல்வம்

சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலுக்குள் முதிய வேதியர் ஒருவர் புகுந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை எனக் கூறி ஆளோலை ஒன்றைக் காட்டிய வரலாற்றைப் பெரிய புராணங் கற்றோர் யாவரும் அறிவர். நாயனார் வெகுண்டு அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உண்டு என்றும் முதியவர் மொழிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையத்தார் மூலவோலையைப் படித்ததோடு அமையவில்லை. நாயனாரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்பு நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர்.

இவ்வரலாற்றின் பத்திச் சுவை ஒருபுறம் இருக்க, ஆவணம் பற்றிய மூன்று உண்மைகள் இதனுள் அடங்கியுள்ளன. படிக்கும் மூலத்துக்கும் வேறுபாடு உண்டு என்பது ஒன்று. ஏடுகளை நம்பத்தக்க காப்பில் வைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. ஓர் ஏட்டின் மெய்ம்மையை மற்றோர் ஏட்டால் அறிதல் வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றுக்கு மேலாக நான்காவதும் ஒன்று உண்டு: ஒரு மனிதன் யார், அவன் எவ்விடத்துக்கு உரியவன் என்னும் வினாவுக்கு ஓர் ஓலைத் துண்டு விடையாகிவிடக்கூடும். இந்நான்காம் உண்மையைத் தம் வாழ்க்கையிலேயே பட்டறிந்தோர் இலங்கை மலையகத் தமிழ் மக்கள். அவர்தம் ஆவணங்கள் எவை, அவை எங்ஙனம் தோன்றின, எங்குச் சிதறின, யாரால் காக்கப்படுகின்றன என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடிக்கூடமும் நூலகமும்

நூலகமும் சுவடிக்கூடமும் ஒன்றெனப் பலர் கருதுவர். அச்சிட்ட நூலுக்குப் பல படிகள் உண்டு; ஒரு நூலகத்தில் அழிந்தது மற்றொரு நூலகத்தில் கிடைக்கும். சுவடிக்கூடத்தில் உள்ள ஏடு பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதனை எழுதியவர் வருங்கால ஆராய்ச்சியாளரை நினைந்து எழுதவில்லை. சம்பளங் கொடுப்பதற்கும், கடன் கணக்கை நினைவிற் கொள்வதற்கும், மேலதிகாரிக்கு அறிவிப்பதற்குமே எழுதினார். தன்னை நோக்கி ஒரு நாள் வரலாறு திரும்பும் என்பதை அறியாமல் எழுதப்பட்டமையே அவ்வேட்டின் பெருமதிப்புக்குக் காரணமாகும்.

சுவடிக்கூட இயலார் இரண்டு விதிகளை அடிப்படையாகக் கொள்வர். ஓர் ஏடு எவ்விடத்தில், யாருடைய அலுவலால் பிறந்ததோ அவ்விடத்தோடு சேர்த்தே அதனை வைத்தல் வேண்டும் என்பது முதல் விதி. அவ்விடத்தில் இருந்த ஒழுங்கைக் குலைத்தலாகாது என்பது இரண்டாம் விதி. தோட்டமொன்றின் பெயரேட்டிலிருந்து ஒரு தாள் மட்டும் கழன்று கிடைப்பின் அதில் இருபது பெயர்கள் இருக்கலாம். ஆயின் அவை எத்தோட்டத்தின் பெயர்கள், எந்த ஆண்டின் பெயர்கள், எந்தக் கங்காணியின் கீழ் இருந்தவர்களின் பெயர்கள் என்பது தெரியாது. ஏட்டோடு இருந்தபோது பேசிய தாள், பிரிந்தவுடன் ஊமையாகிவிடுகின்றது.

ஏடின்றி வந்தோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபோது தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர் வரலாயினர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுப் பாதை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியிற் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அதன் பின் வந்த ஆண்டுகளில் கோப்பி மடியத் தேயிலை ஓங்கியது. அக்காலத்திலேயே டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளின் காடுகளும் தோட்டங்களாயின. 1884இல் அட்டனுக்குப் புகையிரதப் பாதை வந்தது.

இவ்வாறு வந்தோரின் பெயர்ப் பட்டியல் எங்கே உளது என வினவின், மொரீசியசுத் தீவுக்குச் சென்றோருக்குக் கிடைக்கும் விடை இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒப்பந்த முறையில் மொரீசியசுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சாதி, வந்த கப்பல் ஆகியன எழுதப்பட்டன. பிற்காலத்தில் நிழற்படமும் எடுக்கப்பட்டது. அப்பதிவேடுகள் இன்று மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்திற் காக்கப்படுகின்றன. அத்தீவினர் தம் கொள்ளுப்பாட்டனார் எந்த ஊரினர் என்பதை அங்குச் சென்று அறிந்துகொள்கின்றனர். 2015இல் யுனெஸ்கோ அவ்வேடுகளை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

இலங்கைக்கு வந்தோர்க்கு அத்தகைய பதிவு இல்லாமைக்குக் காரணம் குடிபெயர்வு நிகழ்ந்த முறையே ஆகும். 1839இல் இந்திய அரசு தொழிலாளர் வெளிநாடு செல்வதைத் தடுத்தது. 1847இல் இலங்கைக்கு மட்டும் அத்தடையிலிருந்து விலக்களித்தது. அதன் பின் தனித்தனி ஒப்பந்தமோ, கப்பலேறும் துறையில் ஆள்தோறும் பதிவோ இன்றிக் கங்காணியின் பின்னால் உறவினரும் ஊரவருமாகக் கூட்டங் கூட்டமாக மக்கள் வந்தனர். யாவரையும் அறிந்தவர் கங்காணி. யாவருடைய கணக்கும் அவரிடத்தில் இருந்தது. கங்காணியின் நினைவே பதிவேடாக இருந்தமையால், அவர் மறைந்தபோது பதிவேடும் மறைந்தது.

எனினும் ஏடே இல்லை எனல் பொருந்தாது. ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கியது. ஒரு தொழிலாளி தோட்டத்தை விட்டு நீங்க வேண்டுமாயின், அவர் பட்ட கடன் இவ்வளவு என்றும், அதனைச் செலுத்தினால் அவரை விடுவிக்கலாம் என்றும் துரை எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டத்தார் அக்கடனைச் செலுத்தி அவரை ஏற்பர். கடன் தீர்வதில்லை, கைமாறுவது மட்டுமே நிகழும். சுந்தரருக்குக் காட்டப்பட்ட ஆளோலையை நினைவூட்டும் இத்துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டு முறையும் வழக்கிலிருந்தது. தோட்டத்துக்குரிய அடையாளம் பொறித்த சிறு தகரத்தைத் தொழிலாளி அணிந்து வந்தால், வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின் மண்டபம் முகாமே வாயிலாயிற்று. நோய்த்தடுப்புக்கென மக்களைத் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்து, பதிவு செய்தனர். இந்நாட்டுக்கு வந்தவருட் பிற்காலத்தவர்க்கே இவ்வாறு ஏடுகளில் இடங் கிடைத்தது.

தோட்டத்து ஏடுகள்

தோட்ட அலுவலகம் ஒவ்வொன்றும் தன்னையறியாமலே ஒரு சுவடிக்கூடமாக இருந்து வந்தது. அங்குள்ள ஏடுகளில் தலையாயது ‘செக்ரோல்’ எனத் தொழிலாளர் வழங்கும் பெயரேடு. காலையிற் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, எவர் எவ்வேலைக்குச் சென்றார் என நாள்தோறும் அதிற் குறிப்பர். கொழுந்தின் நிறை, கவ்வாத்து, கான்வெட்டு, அரைநாட் பெயர், முழுநாட் பெயர் யாவும் அதில் உண்டு. ‘பேர் போட்டார்கள்’ என்றாலே ‘வேலை கிடைத்தது’ என்று தோட்டத்திற் பொருள். பெயர் ஏட்டில் ஏறினால் அன்றைய கூலி உண்டு, ஏறாவிடின் இல்லை. எழுத்தறியாத மக்களும் எழுத்தின் ஆற்றலை இச்சொல்லால் அறிந்திருந்தனர்.

பெயரேட்டோடு அரிசிக் கணக்கு, முற்பணக் கணக்கு, மருந்துக் கொட்டிலின் பதிவு, பிள்ளை மடுவத்தின் பதிவு, லயக் காம்பிராக்களின் பட்டியல், கொழும்பு முகவர் நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, தோட்ட வரைபடம் ஆகியனவும் இருந்தன. வரைபடத்தில் மலைகளுக்கு எண்ணோ ஆங்கிலப் பெயரோ இருக்கும். தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர்களோ வேறு. ஒரே மலைக்கு இரு பெயர்கள் உள. ஒன்று தாளில் வாழ்கின்றது, மற்றொன்று நாவில் வாழ்கின்றது. நாவில் வாழ்வதை எழுதி வைத்தாலன்றி அது ஒரு தலைமுறையில் மறையும்.

இவ்வேடுகளை எழுதியோர் துரைமாரும் கிளாக்கர்மாரும் கணக்கப்பிள்ளைமாரும் ஆவர், எழுதப்பட்டோர் தொழிலாளர். ஆகவே ஏட்டில் இருப்பது எழுதியவர் அறிய விரும்பிய செய்தியே. எத்தனை இறாத்தல் கொழுந்து என்பது இருக்கும். கொழுந்தெடுத்தவள் அன்று பாடிய பாட்டு இராது. பெயரும் எழுதுவோர் செவிக்கேற்பத் திரியும். முத்தம்மாள் ஓர் ஏட்டில் முத்தாயி ஆவாள், மற்றோர் ஏட்டில் முத்து ஆவாள். இத்திரிபு பிற்காலத்தில் விளைத்த துன்பம் பின்னர்க் கூறப்படும்.

டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்திலுள்ள கற்களில் அக்காலத் தோட்டத் துரைமாரின் பெயர்களையும் ஆண்டுகளையும் இன்றும் படிக்கலாம். பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்டு வந்த இலங்கைக் கையேட்டிலும் தோட்டந்தோறும் துரையின் பெயர், உரிமையாளர் பெயர், நிலப் பரப்பு ஆகியன காணப்படும். அதே தோட்டங்களில் மாண்ட தொழிலாளர்க்குக் கல்லும் இல்லை, கையேட்டில் இடமும் இல்லை; தேயிலைத் தூரின் கீழ் அடங்கியதே அவர்க்கு நினைவுச் சின்னம். இராசராச சோழன் தஞ்சைப் பெருங்கோயிற் சுவரில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு உரிய வீடுகளையும் அவர்தம் பெயர்களையும் தனித்தனியே வெட்டுவித்தான். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அப்பெண்களின் பெயர்களை இன்றும் அறியலாம். நூறாண்டுக்கு முன் டிக்கோயாவிற் கொழுந்தெடுத்த பெண்ணின் பெயரை அறிதல் அதனினும் அரிதாக உள்ளது.

எளிய தொழிலாளியின் பெயர் அரசாங்க ஏட்டில் விரிவாக ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரு கேடு நிகழ வேண்டியிருந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அதனை ஆராய விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. அதனாலேயே அத்தோட்டத்தின் அந்நாளைய வாழ்க்கை அரச ஆவணத்தில் இடம்பெற்றது. குண்டு பாயாத தோட்டங்களின் வாழ்க்கையை எழுதுவார் இலர்.

ஏடு கேட்ட சட்டம்

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏட்டின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வழியுரிமையாற் பிரசையாவதற்குத் தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, பாட்டனாரும் பூட்டனாரும் இங்குப் பிறந்தோர் என்றோ காட்டுதல் வேண்டும் என்றது அச்சட்டம். இந்நாட்டில் நாடளாவிய பிறப்புப் பதிவு 1867இல் தொடங்கியதொன்று. பூட்டனார் பிறந்த காலத்துக்குப் பதிவே இல்லை. தந்தை பிறந்த காலத்தில் முறையிருந்தும், காட்டிடைத் தோட்டங்களிற் பிறந்தோர் பலருக்கு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. இருந்தோருக்கும் பெயர் திரிந்திருந்தது.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வதிவுக் காலத்துக்குச் சான்று கேட்டது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுதல் வேண்டும். விண்ணப்பிக்க ஈராண்டு தவணை. முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்த மக்கள், தவணையின் இறுதிக் காலத்திலேயே பெருந்தொகையாக விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வழியாக எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரசாவுரிமை கோரினர். 1964 வரையில் அதனைப் பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

அவ்வாண்டுகளில் தோட்டத்துப் பெயரேடும், பாடசாலை அனுமதிப் பதிவேடும், பிறப்பத்தாட்சிப் பத்திரமும் பொன்னினும் அரியவாயின. பெயரேட்டில் ஓராண்டுத் தாள் கறையானுக்கு இரையாகியிருப்பின் அவ்வாண்டு அத்தொழிலாளி இந்நாட்டில் வாழவில்லை என்று பொருள் கொள்ள இடமுண்டாயிற்று. ஊருக்குச் சென்று திரும்பிய பயணம் வதிவின் முறிவாகக் கொள்ளப்பட்டது. ஓர் ஏட்டில் முத்தம்மாளும் மற்றோர் ஏட்டில் முத்தாயியுமாக இருந்த ஒருத்தி, தான் இருவர் அல்லள் என்று நிறுவ வேண்டியவளானாள்.

இதனிடையே ஒரு முரணும் நிகழ்ந்தது. இலங்கை அரசின் பழஞ்சுவடிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பாதுகாப்புக் கருதிக் கொழும்பினின்றும் அகற்றப்பட்டன. 1950களில் அரச சுவடிக்கூடம் நுவரெலியாவிலேயே இயங்கியது. ஒல்லாந்தர் கால ஏடுகள் மலைநாட்டின் குளிரிற் கருத்தோடு பேணப்பட்ட அதே ஆண்டுகளில், அம்மலையைச் சூழ்ந்த தோட்டங்களின் மக்கள் தம் தந்தையார் பிறந்தமைக்கு ஒரு தாள் தேடி அலைந்துகொண்டிருந்தனர்.

1964 ஒக்டோபரிற் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் தொகையை 9,75,000 எனக் கொண்டது. அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோராயினர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் செம்பாதியாகப் பகிர்ந்தன. நாடற்ற நிலை சட்ட அளவில் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏடு பேணாமையே இவ்வளவு துன்பத்துக்கும் காரணம் எனக் கூறல் தவறு. சட்டத்தின் நோக்கமே வேறு. ஆயின் ஏடு இருந்தவர் வழக்காட முடிந்தது, இல்லாதவர் வாளாவிருக்க நேர்ந்தது என்பது மறுக்க முடியாத உண்மை.

சிதறிய செல்வம்

எஞ்சிய ஏடுகளும் பலமுறை இடர்ப்பட்டன. 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் மாறுந்தோறும் பழைய ஏடுகள் இடத்தை அடைக்கும் குப்பையாகத் தோன்றுதல் இயல்பு. 1977, 1981, 1983 ஆண்டுகளின் இனக்கலவரங்களில் மலையகத்திற் பலருடைய வீடுகள் எரிந்தன. தகரப் பெட்டியில் இருந்த பத்திரங்களும் அவற்றோடு எரிந்தன. மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றுங்காலத்துப் பழைய கோயிலின் கட்டடம் வெளித்தோன்ற, மக்கள் திரண்டு சென்று காண்பர். கல் மீண்டும் தோன்றும். நீரில் நனைந்த தாள் தோன்றுவதில்லை.

இந்தியா சென்றோர் தம் குடும்ப அட்டையையும் கடவுச்சீட்டையும் உடன் கொண்டு சென்றனர். 1968இல் தமிழக அரசு தாயகம் திரும்பியோர்க்கெனத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிய நீலகிரி மாவட்டத்தின் வீடுகளில் அத்தகைய அட்டைகள் இன்றும் பேணப்படுகின்றன. ஒரே குடும்பத்தின் வரலாறு பாதி டிக்கோயாவிலும் பாதி கூடலூரிலும் இருத்தல் கூடும்.

அரசாங்க ஏடுகளோ இன்னும் அகலச் சிதறியுள்ளன. இலங்கைத் தேசாதிபதிகள் இலண்டனுக்கு எழுதிய கடிதங்கள் கியூ நகரத்துத் தேசிய சுவடிக்கூடத்தில் உள. சென்னை மாகாண அரசின் குடிபெயர்வுக் கோப்புகளை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற் காணலாம். 1923 முதல் கண்டியில் இருந்த இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகள் கூலி, இறப்பு, பாடசாலை, குடியிருப்பு ஆகியவற்றைத் தொகுத்துக் கூறுவன. கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்தில் நிருவாக அறிக்கைகளும் பத்திரிகைகளும் உள்ளன. ஒரு தோட்டத்தின் வரலாற்றை எழுத விழைபவர் மூன்று நாடுகளின் வாயில்களைத் தட்ட வேண்டியவராகின்றார்.

காத்தோரும் காப்போரும்

அரசின் ஏடுகள் கூறாதவற்றை மக்கள் பக்கம் நின்று எழுதியோரும் திரட்டியோரும் உளர். 1869இல் ஆபிரகாம் யோசேப்பு இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி, தோட்டத் தொழிலைப் பாடிய பழைய அச்சு நூலாகும். கோ. நடேசய்யர் தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களை நடத்தியதோடு, 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பாடல்களைச் சிறு பிரசுரங்களாக வெளியிட்டுக் கூட்டங்களிற் பாடினார். அத்தகைய பிரசுரங்கள் ஒரு சதத்துக்கும் இரண்டு சதத்துக்கும் விற்கும் தன்மையன, படித்தபின் எறியப்படுவன, ஆதலின் இன்று கிடைத்தற்கு அரியன. சாரல்நாடன் சிதறிய செய்திகளை அரிதின் முயன்று திரட்டி 1988இல் நடேசய்யர் வரலாற்றை நூலாக்கினார்.

1914இற் பூண்டுலோயாவின் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தோட்டந்தோறும் கேட்ட நாட்டுப் பாடல்களைத் திரட்டி மலைநாட்டு மக்கள் பாடல்கள் என நூலாக்கினார். உ. வே. சாமிநாத ஐயர் ஏடு தேடி ஊர்தோறும் நடந்தார். வேலுப்பிள்ளை ஏடேறாத பாட்டைத் தேடினார். இருவர் தொண்டும் ஒரே தன்மையது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றின் பாடல்கள் இன்றும் கூத்து வாத்தியார்களின் நினைவிலும் கையெழுத்துக் கொப்பிகளிலுமே பெரிதும் வாழ்கின்றன.

நிறுவனங்களுள், அருட்டந்தை போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் தோட்ட மக்கள் பற்றிய நூல்களையும் ஆவணங்களையும் திரட்டியது. கம்பளையை அடுத்த பாரதெக்கவில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் ஒரு பழைய லயத்திலேயே அமைத்தது. தொழிலாளர் கையாண்ட கருவிகளும் பாத்திரங்களும் அணிகளும் பத்திரங்களும் அங்கு உள. 2001இற் கண்டி அந்தானையில், 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்றில் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை இயந்திரங்களையும் தேயிலைத் தொழிலின் முன்னோடிகளையும் நினைவுகூர்கின்றது. ஒன்று தேயிலையின் வரலாறு. மற்றொன்று தேயிலை பறித்தவரின் வரலாறு. இரண்டையுங் கண்டவரே முழுமையை அறிவர்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக வைத்தலின் கேட்டை அவ்வழிவு உணர்த்திற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களோடு மலையக இதழ்களையும் மலர்களையும் பிரசுரங்களையும் மின்படிகளாக்கி யாவரும் படிக்க வைத்துள்ளது. தமிழகத்திற் கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனியொருவர் திரட்டிய நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இற் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று எழுந்தது. தனியொருவரின் ஆர்வம் பொதுச் சொத்தாக மாறியமைக்கு அது தக்க சான்று.

காக்கும் முறை

மலையகத்தின் தட்பவெப்பம் தாளுக்குப் பகை. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மழையும் மூடுபனியும் நீங்குவதில்லை. ஈரம் பூஞ்சணத்தை விளைக்கும்; கறையானும் இராமபாணப் பூச்சியும் பின்தொடரும். ஆகவே ஏடுகளைச் சுவரோடும் நிலத்தோடும் ஒட்ட வைத்தலாகாது. காற்றோட்டமுள்ள அறையில், நிலத்தினின்றும் உயர்ந்த தட்டில், அமிலம் நீக்கிய தாளுறையில் வைத்தல் நன்று. நனைந்த தாளை வெயிலில் உலர்த்தாது, இடையிடையே மையொற்றுந் தாள் வைத்து நிழலில் உலர்த்துதல் வேண்டும். துருப்பிடிக்கும் குண்டூசியை நீக்குதல் வேண்டும். கிழிந்த தாளை ஒட்டு நாடாவால் ஒட்டுதல் பெருந்தவறு. சில ஆண்டுகளில் அதன் பசை தாளை மஞ்சளாக்கி அழிக்கும்.

மூலத்தைப் பெறுதல் இயலாவிடத்து அதனை உரியவரிடமே விட்டு, மின்படி எடுத்துக்கொள்ளலாம். முதியோர் தம் வீட்டுப் பத்திரத்தைப் பிறர்க்குக் கொடுக்கத் தயங்குதல் இயல்பு. அதனை இழந்தோர் பட்ட பாட்டை அவர்கள் அறிவர். மின்படிகளையும் குறைந்தது மூன்று எடுத்து வெவ்வேறிடங்களில் வைத்தல் வேண்டும். ஒவ்வொன்றோடும் அது யாருடையது, எங்கிருந்து பெறப்பட்டது, எந்நாளிற் படியெடுக்கப்பட்டது என்பன எழுதப்படல் வேண்டும். இக்குறிப்பில்லாத படி, ஊரும் பேரும் அற்ற நிழற்படம் போல்வது.

ஒரு கட்டுப்பாடும் இன்றியமையாதது. பழைய பதிவேடுகளிற் சாதி, நோய், கடன், குற்றம் ஆகியன எழுதப்பட்டுள்ளன. அவற்றைச் சிந்தனையின்றி வெளியிடின், மாண்டோர் ஏட்டால் வாழ்வோர் நாணமுறுவர். ஆராய்ச்சியாளர் பார்க்கத்தக்கவை எவை, யாவரும் பார்க்கத்தக்கவை எவை என வகுத்தல் காப்பவர் கடமை. மக்களைக் கட்டிய ஏடு மீண்டும் ஒருமுறை அவர்களைக் கட்டுதலாகாது.

கல்லூரிகளும் பாடசாலைகளும்

இப்பணிக்கு மாளிகையும் பெரும்பொருளும் வேண்டும் எனக் கருதி வாளாவிருத்தல் வேண்டா. 1977 முதல் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளின் பழைய அனுமதிப் பதிவேடுகளும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் எத்தனை எஞ்சியுள்ளன என்று கணக்கெடுத்தலே நல்ல தொடக்கமாகும். கோயிற் பரிபாலன சபைகளின் வரவு செலவுக் கொப்பிகள், தேர்த்திருவிழா அறிவித்தல்கள், மரண சகாய சங்கத்தின் பெயர்ப் பட்டியல்கள், தொழிற்சங்கச் சந்தாப் புத்தகங்கள் ஆகியன தொழிலாளர் தாமே தம்மைப் பற்றி எழுதிக்கொண்டவை. துரையின் ஏட்டில் இல்லாத குரல் இவற்றில் உண்டு. மாணவர் தத்தம் தோட்டத்து முதியோரிடம் மலைகளின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு வரைபடத்திற் குறித்தல், பாட்டியர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்தல், கூத்துக் கொப்பிகளைப் படியெடுத்தல் ஆகியன பாடவேளைக்குள்ளேயே செய்யத்தக்கன.

2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, மூதாதையர் நடந்த வழியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். வழியில் வீழ்ந்தோரின் பெயர்களைச் சொல்லி அஞ்சலி செலுத்த எவராலும் இயலவில்லை. பெயர் எழுதுவார் அன்று இலர். இன்று எழுதுவார் உளர், எழுதுகோலும் உண்டு, படியெடுக்கும் கருவி மாணவர் கையிலேயே உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார்க்குப் பாட்டனாரின் ஓலை வேண்டிய பொழுதில் கிடைத்தது. அதனை முன்னரே ஒருவர் காப்பில் வைத்திருந்தார் என்பதே அதற்குக் காரணம். அக்காப்பாளரின் பெயரைப் புராணம் கூறவில்லை. அப்பெயரறியாதார் செய்த தொண்டே மலையகத்துக்கு இன்று வேண்டுவதாகும்.